பற்றாக்குறை தொடங்கும் இடம்: ஓர் உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளரின் பணி அனுபவம்

ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் பெங்களூரு மருத்துவமனைகளில் உறுப்புக்கொடை விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் களைகட்டும். கப்பன் பூங்காவில் காலை நடை, ஐ.டி. நிறுவனங்களின் வரவேற்புக் கூடத்தில் பச்சை ரிப்பன் கட்டிய மேசை, கையெழுத்துப் போட்டவுடன் தரப்படும் அட்டை என்று அந்த மாதம் ஓடிவிடும். ஒரு தனியார் மருத்துவமனையில் பல ஆண்டுகளாக உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கும் நானும் அந்த மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே நிரப்பப்பட்ட படிவம் ஒன்றின் வழியாக ஒரு சிறுநீரகமேனும் காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒருவரைச் சென்று சேர்ந்ததை நான் இதுவரை கண்டதில்லை. உறுதிமொழி எடுத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர், நல்லவேளையாக, மூளை செயலிழந்து வென்டிலேட்டரில் கிடக்கும் நிலைக்கு வரப்போவதே இல்லை. இறந்தபின் இதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ கொடுக்க நம் நாட்டில் இன்று ஏறக்குறைய அந்த ஒரு வழிதான் இருக்கிறது. பற்றாக்குறையைப் பற்றிப் பேசும் மேடைகளிலெல்லாம் மக்களின் மனம் மாற வேண்டும் என்கிறார்கள். மனம் மாறிய குடும்பங்களை நான் ஏராளமாகப் பார்த்துவிட்டேன். மாறாமல் இருப்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் அன்றாட நடைமுறைதான் என்பதே என் அனுபவம்.

2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் 18,378 உறுப்புமாற்று அறுவைகள் நடந்தன. 2013-இல் இந்த எண் ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் வளர்ச்சி பெரிதுதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி, உயிரோடு இருக்கும் உறவினர் தந்த சிறுநீரகமும் கல்லீரல் பகுதியும். இறந்தபின் உறுப்புக் கொடுத்தவர்கள் அந்த ஆண்டில் நாடு முழுவதிலுமாக 1,099 பேர் மட்டுமே. அதே ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1.72 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பலர் சாலையிலேயே இறந்திருப்பார்கள், பலர் மருத்துவமனை வரை வந்தும் உறுப்புகள் பயன்படாத நிலையில் இருந்திருப்பார்கள் என்பதையெல்லாம் கழித்துவிட்டு, மூளை ரத்தக்கசிவாலும் பக்கவாதத்தாலும் இறப்பவர்களைக் கூட்டிப் பார்த்தாலும், 1,099 என்பது நம்ப முடியாத அளவுக்குச் சிறிய எண். ஸ்பெயினில் 2023-இல் பத்து லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 49 பேர் இறந்தபின் உறுப்புக் கொடுத்தார்கள். இந்தியாவில் அது ஒன்றைக்கூட எட்டவில்லை. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் 2023-இல் தலா 178 பேர், தெலங்கானாவில் 252 பேர். இந்த மூன்று மாநிலங்களே நாட்டின் மொத்தக் கணக்கில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டன. வட மாநிலத்து மக்களுக்கு ஈவிரக்கம் குறைவு என்றா இதற்குப் பொருள்? அங்கே உள்ள ஐ.சி.யூ.க்களில் மூளைச்சாவை உறுதி செய்யும் பரிசோதனை செய்யப்படுவது அரிது என்பதுதான் பொருள்.

அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்புமாற்றுச் சட்டப்படி ஒருவர் மூளைச்சாவு அடைந்துவிட்டார் என்று சான்றளிக்க நான்கு மருத்துவர்கள் வேண்டும்: மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அரசு ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சிறப்பு மருத்துவர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பு அறுவை நிபுணர், நோயாளிக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவர். உறுப்புமாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்த எவரும் இதில் இருக்கக் கூடாது. கண்ணின் பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை துடிக்கிறதா, தொண்டையில் குழாயை அசைத்தால் இருமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறைந்தது 6 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்து, 10-ஆம் எண் படிவத்தில் நால்வரும் கையெழுத்திட வேண்டும். இவ்வளவு கறாரான நடைமுறை இருந்தும், மருத்துவர்கள் நம்மை அவசரமாகக் கொன்றுவிடுவார்களோ என்ற அச்சம் மக்களிடம் இருக்கிறது. நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. மூளை செத்துவிட்டது என்று வார்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தும் அதை எழுத்தில் சொல்ல ஆள் இல்லாமல், இதயம் தானாக நிற்கும் வரை நாட்கள் கடத்தப்படுவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால் ஒரே பதில் கிடைப்பதில்லை. இரண்டு முறை பரிசோதனை என்றால் இரவு இரண்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் நான்கு பேரைத் திரட்ட வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் பட்டியலில் உள்ள நரம்பியல் மருத்துவர் வாரத்தில் சில நாட்களே வருவார். இவை நடைமுறைத் தடைகள். பணமும் ஏற்பாடும் இருந்தால் தீரக்கூடியவை. இவற்றைவிட ஆழமானது சட்டத்தில் இருக்கும் ஓட்டை. உறுப்புமாற்றுச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்கிறது. ஆனால் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிர் இருப்பதற்கான எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதையே மரணம் என்கிறது. குடும்பம் உறுப்புக்கொடைக்குச் சம்மதித்தால் அந்த மனிதர் இறந்தவர்; மறுத்துவிட்டால் அதே படுக்கையில், அதே நிலையில் கிடக்கும் அவரை என்ன செய்வது என்று மருத்துவருக்குத் தெளிவில்லை. வென்டிலேட்டரை எடுத்தால் வழக்கு வருமோ, எடுக்காமல் விட்டால் பில் ஏறுகிறதே என்ற குழப்பத்தில், பரிசோதனையே செய்யாமல் இருந்துவிடுவது பலருக்குப் பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது. மூளைச்சாவு உறுதியானால் குடும்பத்திடம் கேட்பது மருத்துவரின் கடமை என்று 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. உறுதி செய்யாமலே விட்டுவிட்டால் அந்தக் கடமையும் எழுவதில்லை.

கேரள அரசு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூளைச்சாவுச் சான்றளிப்பையும் உறுப்புக்கொடையையும் பிரித்து வைத்தது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இறந்தவர் இறந்தவரே என்பதுதான் அதன் சாரம். உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வது குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த கர்நாடக சுகாதாரத் துறையும் 2025 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. இரண்டும் நல்ல தொடக்கங்கள். ஆனாலும் மாநிலத்துக்கு ஒரு மரணம் என்பது எந்த மருத்துவருக்கும் தைரியம் தராது. நாடு முழுவதற்கும் மரணத்துக்கு ஒரே சட்ட வரையறை வேண்டும் என்பதை நான் மற்ற எந்தச் சீர்திருத்தத்துக்கும் முன்னால் வைப்பேன்.

மரணத்தையும் கொடையையும் இப்படிப் பிரிப்பது குடும்பங்களிடம் பேசுவதையும் எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இங்குள்ள விபத்துப் பிரிவுகளில் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கும் என்பது தெரியும். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் அடிபடுபவர்களை ஆம்புலன்ஸ்கள் எல்லை தாண்டி இங்கேதான் கொண்டுவருகின்றன. அல்சூரில் வளர்ந்த எனக்குக் கன்னடம் பள்ளியிலும் தமிழ் வீட்டிலுமாக வந்தது. இந்த வேலையில் தமிழ்தான் எனக்குச் சோறு போடுகிறது. சூளகிரிக்கு அருகே பூத்தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர், பைக்கில் போகும்போது லாரி மோதி, தலைக்கவசம் இல்லாமல் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் மூளை முழுவதும் வீங்கிவிட்டது. அண்ணன் ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: “நெஞ்சு ஏறி எறங்குதுங்களே மேடம். கை சுடுது. அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றீங்க?”

அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. எங்கள் தீவிர சிகிச்சை மருத்துவர் அவரை உள்ளே அழைத்து, ஆப்னியா டெஸ்ட் எனப்படும் கடைசிப் பரிசோதனையை நேரில் பார்க்கச் சொன்னார். முதலில் நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுத்து, ரத்த மாதிரி எடுத்து, பிறகு வென்டிலேட்டர் குழாயைக் கழற்றிவிட்டு, மெல்லிய ஒரு குழாய் வழியாக ஆக்ஸிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்கும்படி வைப்பார்கள். உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு ஏற ஏற, மூளையின் அடித்தண்டில் துளி உயிர் இருந்தாலும் அது மூச்சை இழுத்துத்தான் தீர வேண்டும். ஏறத்தாழ 8 முதல் 10 நிமிடம். போர்வையை இடுப்பு வரை இறக்கிவிட்டிருந்ததால் நெஞ்சும் வயிறும் தெளிவாகத் தெரிந்தன. மருத்துவர் குனிந்து நெஞ்சின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் அப்படியே குனிந்தார். மறுபடி எடுத்த ரத்த மாதிரியில் கார்பன் டை ஆக்ஸைடு 60-ஐத் தாண்டியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. குழாயை மாட்டியவுடன் மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது. “மெஷின்தாங்க பண்ணுது” என்று அவரே சொன்னார். வெளியே வந்து அப்பாவிடம் சொன்னவரும் அவர்தான். நாங்கள் யாரும் அதற்குப் பிறகு மரணத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் உறுப்புக்கொடை பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லித்தரும் பாலபாடம்: மரணச் செய்தியைச் சொல்பவர் வேறு, கொடையைக் கேட்பவர் வேறு, முதலாவது மனதில் இறங்கிய பிறகே இரண்டாவது. ஆனால் நடைமுறையில் பல இடங்களில் இரண்டையும் ஒரே மூச்சில், வராந்தாவில் நின்றபடி, கையில் படிவத்தோடு ஓர் இளம் மருத்துவர் சொல்லி முடித்துவிடுகிறார். கேட்பவருக்கு என்ன தோன்றும்? உறுப்புக்காகத்தான் இறந்துவிட்டான் என்கிறார்கள் என்று தோன்றும். அந்தக் குடும்பம் மறுத்தால் பதிவேட்டில் அது மக்களின் அறியாமை என்று ஏறும்.

படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நெருங்கிய உறவினர் யார் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவராக இருப்பதில்லை. மனைவி கையெழுத்துப் போடுவார். ஊரிலிருந்து பெரியப்பாவும் பங்காளிகளும் வேன் பிடித்து வந்து சேரும் வரை யாரும் பேச மாட்டார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை. பெரியப்பாக்களின் கேள்விகள் நேரானவை. அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறப்பானா என்று கேட்பார்கள். உடம்பைக் கூறுபோட்டுத் தருவீர்களா என்று கேட்பார்கள். விபத்து வழக்கு என்பதால் பிரேதப் பரிசோதனை எப்படியும் உண்டு, உறுப்பு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தையல் போட்டுத்தான் தருவார்கள் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவர்கள் கேட்பதில் எனக்குக் கடினமானது இன்னொரு கேள்வி: “யாருக்கும்மா போகும்? பணம் இருக்கிறவனுக்குத்தானே?”

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல நான் முயல்கிறேன். உறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதை எங்கள் மருத்துவமனை தீர்மானிப்பதில்லை. கர்நாடக அரசின் ஜீவசார்த்தகதெ அமைப்பு வைத்திருக்கும் பட்டியல்படி, ரத்தப் பிரிவு, பதிவு செய்த வரிசை, நோயின் கடுமை ஆகியவற்றைப் பார்த்தே ஒதுக்கீடு நடக்கிறது. விலைக்கு விற்க முடியாது. இது முழு உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் ஏறுவதற்கே அறுவைச் செலவைத் தாங்கும் வழி இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் கல்லீரல் மாற்றுக்கு இருபது லட்சம் ரூபாய் போல ஆகும். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் மாத்திரை வாங்க வேண்டும். இதுவும் உண்மை. கூலித் தொழிலாளியின் குடும்பம் கொடுக்கிறது, அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு கூலித் தொழிலாளி பட்டியலிலேயே இல்லை என்ற நிலையை வைத்துக்கொண்டு விழிப்புணர்வு பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் அரசு நிறுவனங்கள் இயங்குகின்றன. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை நீண்டகாலமாக இந்த வேலையைச் செய்துவருகிறது. இப்படிப்பட்ட இடங்கள் ஒவ்வொரு மண்டலத்திலும் இரண்டு மூன்று இருந்தால், பெரியப்பாவுக்கு நான் சொல்லும் பதில் பாதியாகச் சுருங்கிவிடும்.

பில் விவகாரமும் இதோடு சேர்ந்ததே. கொடைக்குச் சம்மதம் கிடைத்த பிறகு உடலைப் பராமரிக்கும் செலவும் உறுப்பை எடுக்கும் செலவும் கொடையாளர் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது என்பது 2014-ஆம் ஆண்டு விதி. அதற்கு முந்தைய நாட்களின் பில்லைப் பற்றி விதி எதுவும் பேசவில்லை. மூன்று நாள் ஐ.சி.யூ. என்றால் தோட்டத்தில் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒரு வருட வருமானம். “குடுத்தா பில்லுல கழிப்பீங்களா?” என்ற கேள்வியை நான் ஒருபோதும் கேவலமாக நினைத்ததில்லை. ஆனால் கழிக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது விலை பேசியதாகிவிடும். கழிக்க மாட்டோம் என்றால் மகனைக் கொடுத்துவிட்டுக் கடனும் சுமக்கிறார்கள். கொடை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மூளைச்சாவில் முடிந்த எல்லா விபத்து நோயாளிகளுக்கும் ஐ.சி.யூ. செலவில் குறிப்பிட்ட பகுதியை அரசுக் காப்பீடே ஏற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் அவிழ்ந்துவிடும். இப்படிச் செய்தால் செலவு அதிகமாகுமே என்பார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் அரசு ஏற்கெனவே எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சம்மதம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் காவல் துறையை மறந்துவிடுகிறார்கள். விபத்து என்பதால் பிரேத விசாரணை முடிந்து, தடயவியல் மருத்துவர் ஆட்சேபணை இல்லை என்று சொன்ன பிறகே அறுவை அரங்குக்குப் போக முடியும். சூளகிரி இளைஞரின் விஷயத்தில் முதல் தகவல் அறிக்கை தமிழ்நாட்டில் பதிவாகியிருந்தது. உடல் கர்நாடகத்தில் இருந்தது. அங்கிருந்து உதவி ஆய்வாளர் வர வேண்டுமா, இங்குள்ள நிலையமே மகஜர் எழுதலாமா என்பதைத் தீர்க்க இரண்டு மாநில அதிகாரிகளோடும் தொலைபேசியில் மாறி மாறிப் பேச வேண்டியிருந்தது. தமிழில் இருந்த அறிக்கையைக் கன்னட ஆய்வாளருக்கு நான் வரிவரியாக வாசித்துச் சொன்னேன். அவர் பொறுமைசாலி, இரண்டாம் பக்கம் வந்தபோது டீ வரவழைத்துக் கொடுத்தார். அதற்குள் ஐ.சி.யூ.வில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூளை செத்த உடம்பில் நீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் சுரக்காது. சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும். ரத்தத்தில் சோடியம் ஏறும். ரத்த அழுத்தம் சரியும். செவிலியர் ஒருவர் மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து, அதற்கு ஈடாகத் திரவம் ஏற்றி, அந்த ஹார்மோனுக்கு ஈடாகத் தரும் வாசோபிரஸின் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்து, அந்த உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் இதயமோ நுரையீரலோ கைவிட்டுப் போகும் வாய்ப்பு கூடுகிறது. அன்றைக்கு இதயம் பயன்படாமல் போய்விட்டது. கல்லீரலும் இரண்டு சிறுநீரகங்களும் கண்களும் பயன்பட்டன.

சூரியன் மறைந்த பிறகு பிரேதப் பரிசோதனை கிடையாது என்ற பழைய கட்டுப்பாட்டை மத்திய அரசு 2021 நவம்பரில் தளர்த்தியது எங்களுக்குப் பெரிய உதவி. அதே போல மாநில எல்லை விஷயத்திலும் ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்: உறுப்புக்கொடை என்றால் உடல் இருக்கும் இடத்துக் காவல் நிலையமே விசாரணையை முடித்து, ஆவணங்களை விபத்து நடந்த நிலையத்துக்கு அனுப்பிவிடலாம் என்று. பத்திரிகைகளுக்கு இதில் சுவாரசியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் வைட்ஃபீல்டிலிருந்து ராஜராஜேஸ்வரி நகருக்கு மெட்ரோ ரயிலில் கல்லீரல் போனது நகரம் முழுக்கச் செய்தியாயிற்று. நல்ல ஏற்பாடுதான், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒரு மாலையைக் கழித்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் உறுப்புப் பெட்டி கிளம்பிய பிறகான ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு, பெட்டி கிளம்புவதற்கு முந்தைய இருபது மணி நேரத்தின் மேல் இருந்திருக்கலாம்.

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு முதலமைச்சர், உறுப்புக்கொடை செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்தார். எல்லை தாண்டி வரும் குடும்பங்கள் இப்போது அதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள்: “நம்ம ஊருல கலெக்டர் வந்து மாலை போடறாங்களாமே, இங்க குடுத்தா உண்டுங்களா?” மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் அனுப்புகிறோம் என்பதற்கு மேல் அந்த நேரத்தில் என்னால் உறுதி சொல்ல முடிவதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி வருவதே எனக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டில் இறந்தபின் கொடுத்தவர்களின் எண்ணிக்கை 2024-இல் 268 ஆனது. அரசு மரியாதை மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். 2008 முதல் அங்கே அரசு மருத்துவமனைகளை உள்ளே இழுத்து, ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தி, விடாமல் செய்துவரும் வேலையின் மேல்தான் அந்த மாலை விழுந்திருக்கிறது.

வேண்டாம் என்று எழுதி வைக்காதவர்கள் எல்லோரையும் கொடையாளராகக் கருதும் சட்டம் வந்தால் என்ன என்று கூட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். வேல்ஸில் 2015-இலும் இங்கிலாந்தில் 2020-இலும் அப்படிச் சட்டம் வந்தது. ஸ்பெயினில் 1979 முதலே இருக்கிறது. ஆனால் ஸ்பெயினில் இன்றும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. அங்கே எண்ணிக்கை ஏறியது, 1989-இல் தேசிய அமைப்பு ஒன்றை உருவாக்கி, ஐ.சி.யூ. மருத்துவர்களையே ஒருங்கிணைப்பாளர்களாக நியமித்த பிறகுதான். மருத்துவமனைப் பில்லையே நம்பாத நம் மக்களிடம் கேட்காமல் எடுப்பேன் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தால், இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். ஆதார் வழியாக உறுதிமொழி தரும் தேசிய இணையதளத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்திலும் விருப்பம் தெரிவிக்கலாம். அந்த உரிமம் பெரும்பாலும் நசுங்கிய பைக்கோடு காவல் நிலையத்தில் கிடக்கும் என்பதை ஏனோ யாரும் யோசிக்கவில்லை. பதிந்தவர் அதை வீட்டில் ஒருமுறை சொல்லிவைத்திருந்தால் எனக்கு அது போதும்.

உயிருள்ளோர் கொடையைப் பற்றி ஒன்று சொல்லாமல் இதை எழுத முடியாது, ஏனென்றால் இறந்தோர் கொடையில் விழும் பள்ளத்தை நிரப்புவது பெண்களின் உடல்தான். கணவனுக்கு மனைவி, மகனுக்குத் தாய், அண்ணனுக்குத் தங்கை என்று கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அனுமதிக் குழுவின் முன்னால் கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்து, கட்டாயம் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். “என் புருஷனுக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பா?” என்று பதில் வரும். அதில் கட்டாயம் இருக்கிறதா இல்லையா என்று எந்தக் குழுவாலும் சொல்ல முடியாது. அதே பெண்ணுக்குச் சிறுநீரகம் பழுதானால், டயாலிசிஸே போதும், இந்த வயதில் எதற்கு ஆப்பரேஷன் என்று மைத்துனர் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். பெண் நோயாளிகளுக்கும், இறந்தபின் கொடுத்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தரலாம் என்று நோட்டோ எனும் தேசிய அமைப்பு 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஆலோசனை கூறியிருக்கிறது. 2023-இல் மாநில வசிப்பிடக் கட்டுப்பாட்டையும் 65 வயது வரம்பையும் பதிவுக் கட்டணத்தையும் நீக்கியது போல, இதையும் ஆலோசனையாக விடாமல் விதியாக்க வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் இப்போது மாதம் ஒரு முறை ஒரு கூட்டம் நடக்கிறது. அந்த மாதத்தில் ஐ.சி.யூ.வில் மூளை பாதிப்போடு வென்டிலேட்டரில் இறந்த ஒவ்வொருவரின் கோப்பையும் எடுத்து, மூளைச்சாவுப் பரிசோதனை பற்றி யாராவது யோசித்தார்களா, இல்லையென்றால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். தொடக்கத்தில் மூத்த நரம்பு அறுவை நிபுணர் ஒருவர், “இது என்ன போலீஸ் வேலை?” என்று முகம் சுளித்தார். குற்றம் சாட்ட அல்ல, காரணம் எழுதவே என்று புரிந்த பிறகு, இரவில் இரண்டாவது பரிசோதனைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டி மாற்று மருத்துவர் பட்டியல் போட வைத்தவரும் அவரே. மூளைச்சாவு அடைந்தோரைக் கண்டறிவதும் சான்றளிப்பதும் குறைவாக இருப்பதாக நோட்டோவே 2024-இல் மாநிலங்களுக்கு எழுதி, மருத்துவமனைகளைக் கண்காணிக்கச் சொன்னது. அந்தக் கணக்கை மருத்துவமனை வாரியாக மாதந்தோறும் பொதுவெளியில் வெளியிட்டு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் உறுப்புமாற்று உரிமப் புதுப்பித்தலின்போது அதையும் பார்க்க வேண்டும் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னேன். எண் குறைவாக இருந்தால் மருத்துவமனையின் பெயர் கெட்டுவிடுமே என்றார் இன்னொரு மருத்துவமனையின் நிர்வாகி. சான்றளித்த எண்ணிக்கையை மட்டும் போட்டால் கெடும்தான். பரிசோதனை செய்யாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தையும் போடுங்கள், அதில் பாதி அரசாங்கம் தீர்க்க வேண்டிய காரணமாக இருக்கும், உங்கள் கையில் அது மனுவாக மாறும் என்றேன். அவர் எங்கள் படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.